ஊர்ப்பெயர் அச்சிடாத புத்தகம்

1939 ஜனவரி 22, ஞாயிறு

விடியற்காலையில் எருமை கிடாரிக் கன்று போட்டது. என் சம்சாரம் ராமாத்தாள் இரவெல்லாம் தொழுவத்திலேயே இருந்தாள். கன்று எழுந்து நின்ற பிறகுதான் முகம் கழுவினாள். எனக்கு முழங்கால் வலி. தை பிறந்தும் ஆற்றங்கரைக் குளிர் விடவில்லை.

பத்து மணிக்கு வாவ்ரா வந்தார். புது நூற்பாலையில் இயந்திரம் பூட்டுவதற்காக வந்த செக் தேசத்துக்காரர். இயந்திரம் அவருடைய பிர்னோ நகரத்திலிருந்து வந்தது, அதைப் பூட்டிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. ஆலையாட்கள் வாவ்ராசாமி என்கிறார்கள். ஞாயிறுதோறும் என்னிடம் தமிழ் படிக்க வருகிறார். 'நலமாக இருக்கிறீர்களா' என்று நான் எழுதிக் கொடுத்தால், 'ஏனுங்க வாத்தியாரய்யா, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா' என்று வாசிக்கிறார். ஆலையில் கற்ற பாடம் என் பாடத்தைவிடப் பலமாக இருக்கிறது.

இன்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பலகை அட்டைக்கு மேல் தோல் போர்த்தியது. செங்கல் கனம். எழுத்தெல்லாம் கன்னங்கரேலென்று, முள் முள்ளாக. அவர்கள் மொழியில் கிறிஸ்தவ வேதத்தின் ஒரு பாகம், முந்நூறு வருஷத்துக்கு மேலாகிறதாம். ஒரு மூலை மட்டும் காபிப் பொடி நிறத்தில் தீய்ந்திருந்தது. அது ஏன் என்று கேட்டேன்.

அவர்கள் மதப்பிரிவுக்குத் தடை வந்த காலத்தில் வீடு வீடாகப் புகுந்து புத்தகங்களை எடுத்துக் கொளுத்தினார்கள். சோதனைக்கு ஆள் வருகிற சத்தம் கேட்டு, இவர் வம்சத்தில் ஒருத்தி இதை ரொட்டி மாவுக்குள் பொதிந்து அடுப்பில் வைத்துவிட்டாளாம். வந்தவர்கள் வீட்டைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு போனார்களாம். அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லும் பேச்சு.

ராமாத்தாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ரொட்டிய அப்புறம் தின்னாங்களாமுங்களா?"

"தின்னாங்களாமுங்க. நல்லாத்தான் இருந்துதாம்."

பிறகு, "சாமி புஸ்தகமுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் உள்ளே போய்ச் சந்தனம் குழைத்து வந்து அட்டையில் ஒரு பொட்டு வைத்தாள். வாவ்ரா தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

1939 பிப்ரவரி 12

செக் தேசத்தில் புத்தகம் வந்த வரலாற்றைத் தமிழில் ஒரு சிறு கட்டுரையாக எழுதினால் என்ன? ஓய்வு பெற்று மூன்று வருஷமாக நான் எழுதியது இந்த டைரியும் எருமைத் தீவனக் கணக்கும்தான். வாவ்ராவின் தகப்பனார் அச்சுக்கோப்பவர். அதனால் இவருக்கு எல்லாம் வீட்டுக்கதை போலத் தெரிகிறது.

குறித்துக்கொண்டவை: பில்சன் என்ற ஊரில் 1470களில் முதல் அச்சு. முதலில் அச்சானது வேதமல்ல, ஒரு பழைய நகரத்து யுத்தக் கதை என்கிறார்கள். ஆச்சரியமில்லை, எந்த ஊரிலும் சனம் சண்டைக் கதையைத்தான் முதலில் கேட்கும். 1488இல் பிராக் நகரில் முழு வேதமும் அவர்கள் மொழியிலேயே அச்சாகிவிட்டது. நம் மேற்குக் கரையில் பாதிரிமார் தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்தது அதற்கு ஒரு நூறு வருஷம் கழித்துத்தான் என்று படித்த ஞாபகம்.

வாவ்ராவின் புத்தகத்தை அச்சிட்டவர்கள் 'சகோதரர்கள்' என்ற கூட்டத்தார். ராஜாவின் தடைக்கு அஞ்சி, மொராவியாவில் கிராலிட்சே என்ற கிராமத்தில், ஒரு பிரபுவின் சின்னக் கோட்டைக்குள் அச்சுக்கூடம் வைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஊர்ப்பெயர் இல்லை. அச்சிட்டவர் பெயரும் இல்லை.

இதைப் படிப்பவர்களுக்கு எப்படி விளக்குவது? கரும்பலகையில் வாத்தியார் படத்தைக் கோணலாக வரைந்த பையன் கீழே பெயர் போடுவானா? அவ்வளவுதான். ஆனால் பையனுக்கு இரண்டு பிரம்படி. இவர்களுக்கு ஊரே போயிருக்கும்.

1939 மார்ச் 16

சாயங்கால பஸ்ஸில் ஈரோட்டிலிருந்து வந்த பேப்பரில்: ஜெர்மன் படை பிராக் நகருக்குள் நுழைந்துவிட்டது.

வாவ்ரா வேலைநாளில் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தொழுவத்துக்குப் போய்க் கன்றைத் தடவிக்கொண்டே நின்றார். போகும்போது, "வாரேனுங்க" என்றார். நம் ஊரில் போகிறவன் சொல்லும் வார்த்தை. இன்று அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

1939 ஏப்ரல் 23, ஞாயிறு

நூல் வியாபாரி குழந்தைவேல் வந்திருந்தார். மேஜைமேல் இருந்த புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செர்மன்காரன் எழுத்தல்லோ? மதராசுல ஒரு பாதிரிகிட்ட இதே மாதிரி பாத்திருக்கறேன்" என்றார்.

வாவ்ரா பொறுமையாகச் சொன்னார்: அந்தக் கறுப்பு எழுத்தை இரண்டு நாட்டு அச்சுக்காரர்களும் வைத்திருந்தார்கள், செக்காரர்கள் அதை விட்டு நூறு வருஷம்தான் ஆகிறது.

நான் என் பங்குக்கு, சேலத்துச் சௌராஷ்டிரர் தங்கள் பாஷையைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள், அதனால் அது தமிழாகிவிடுமா என்றேன். ஒரே குண்டாவில் நேற்று ரசம், இன்று பாயசம், குண்டா ஒன்று என்பதால் ரசமும் பாயசமும் ஒன்றாகுமா என்றும் கேட்டேன்.

"வாத்தியாரே, உங்ககிட்ட எல்லாத்துக்கும் ஒரு உதாரணம் இருக்குது. போலீசுக்காரனுக்கு உதாரணம் புரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தைவேல் எழுந்து போனார்.

1939 மே 28

வாவ்ராவின் பாஸ்போர்ட் காலம் முடிகிறது. புதுப்பிக்க அவருக்கென்று ஒரு தேசம் இப்போது இல்லை. ஜெர்மன் அதிகாரியிடம்தான் போகவேண்டும். காகிதம் இல்லாமல் வேலையில் வைக்க முடியாது என்கிறார் ஆலை மானேஜர். ஒரு மாதம் யோசித்துவிட்டு நேற்று பம்பாய்க்குப் போயிருக்கிறார்.

1939 ஆடிப் பதினெட்டு

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். துறையில் மேல்படிகள் மட்டுமே தெரிகின்றன. வாவ்ராவும் எங்களோடு வந்தார். பெண்கள் வாழைமட்டையில் மாவிளக்கு வைத்து ஆற்றில் விடுவதைக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு விஷயம் சொன்னேன். என் தகப்பனார் இறந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு கட்டு ஏட்டுச் சுவடி இருந்தது. படிக்க ஆளில்லை, செல் அரித்துவிட்டது. படிக்காத ஏட்டை வீட்டில் போட்டு வைத்தால் தோஷம் என்பார்கள். சித்தப்பா அதை மஞ்சள் துணியில் சுற்றிப் பூ வைத்து, இதே நாளில், இதே துறையில் விட்டார்.

"உங்கள் ஊரில் நெருப்பில் போட்டார்கள். நாங்கள் நெருப்பில் போடமாட்டோம். ஆத்தா கையில் கொடுப்பதுபோலக் காவேரியிடம் கொடுப்போம்" என்றேன். ராமாத்தாள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

வாவ்ரா எழுந்து நின்றார்.

"ரெண்டுலயும் புஸ்தகம் போச்சுதுங்களே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியாகப் பிடித்தார்.

1939 செப்டம்பர் 4

சண்டை தொடங்கிவிட்டது. இருட்டிய பிறகு வாவ்ரா புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"எங்கிட்ட இருந்தா, செர்மன் எழுத்துன்னு எடுத்துக்குவாங்க. நீங்க வச்சிருங்க. வந்து வாங்கிக்கறேனுங்க."

"எத்தனை வருஷமானாலும் இங்கே இருக்கும்" என்றேன். ராமாத்தாள் வாங்கித் தன் மரப்பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில் வைத்தாள்.

1939 செப்டம்பர் 9

வாவ்ராவை அழைத்துப் போய்விட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஜெர்மன் முத்திரை. அவருடைய தேசத்தை விழுங்கியவன் குத்திய முத்திரை அது. அதனாலேயே இவரும் எதிரியாகிவிட்டார். வந்த அதிகாரிக்கு அதற்குமேல் பார்க்க உத்தரவில்லை. பம்பாய்ப் பக்கம் ஏதோ முகாமாம்.

ஆலை வாசலில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். "வாரேனுங்க, வாரேனுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

1939 செப்டம்பர் 20

கலெக்டருக்கு மனு எழுதினேன். எழுத்து ஒன்றானாலும் மொழி வேறு, தேசம் வேறு என்று நாலு பக்கம். குண்டா உதாரணத்தை எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிட்டேன்.

1939 அக்டோபர் 21

சரஸ்வதி பூஜை. ராமாத்தாள் அந்தப் புத்தகத்தை அடுக்கின் உச்சியில் வைத்தாள். பழைய சந்தனப் பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. மனுவுக்குப் பதில் இல்லை.

1940 ஜனவரி 30

வாவ்ராவிடமிருந்து கடிதம். தணிக்கை செய்து ஒட்டியது. இங்கிலீஷில் நாலே வரி. சௌக்கியம். முகாமில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறார். ஜெர்மன்காரர்களோடு ஒரே கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். 'புத்தகத்துக்குக் கோடையில் ஒருநாள் வெயில் காட்டுங்கள். கறையான் ஜாக்கிரதை. நான் இப்போது நினைத்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.'

1940 ஏப்ரல் 20

வெயில் காட்டினேன். பக்கம் பக்கமாகத் திருப்பிவைத்து நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் ஒரு பகல் பூராவும் கூடவே உட்கார்ந்திருந்தேன். முதல் தாளில் கையெழுத்தில் பெயர்கள். பிறந்தவர்கள், போனவர்கள். கடைசியில் வாவ்ராவின் மனைவி பெயரும். புரியாத மொழியில் ஒரு குடும்பத்தைப் பார்ப்பது, ஜன்னல் வழியாக அயல் வீட்டுப் பந்தியைப் பார்ப்பது போல இருந்தது.

1940 ஜூன் 23, ஞாயிறு

கந்தவேல் சங்ககிரியிலிருந்து வந்திருந்தான். என் ஒரே மகன். தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வந்ததிலிருந்து முகம் சரியில்லை. சாப்பிட்ட பிறகு கேட்டான்.

"அப்பா, அந்த செர்மன்காரனுக்காக நீங்க மனு போட்டீங்களா?"

"அவர் ஜெர்மன்காரர் இல்லை."

"அத எங்கிட்ட சொல்லி என்னுங்க ஆகுது? மனுவுல உங்க பேர் பாத்துட்டு, இவரு உங்க தகப்பனாரான்னு மேல கேக்கறாங்க. பவானியில ஒருத்தர் ஊட்ட சோதனை போட்டாங்களாம். ஊட்டுல அந்தப் புஸ்தகம் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன்.

"அடுப்புல வைங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த நாட்டில் அதைச் சொல்ல என் வீட்டில் ஒருவன் பிறந்தானா என்று கத்தினேன். அவனும் கத்தினான். மூன்று குழந்தைகளை வைத்திருப்பவன் தான்தானே, நானில்லையே என்றான். ராமாத்தாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தூணோடு நின்றாள். இரவு தங்காமல் போய்விட்டான்.

1940 ஜூலை 14

குழந்தைவேல் தெருவில் ராமாத்தாளிடம், "ஏனக்கா, செர்மன் படை பாரிசுக்கே வந்தாச்சாம். உங்க ஊட்டுக்குத்தான் மொதல்ல வருவாங்க, புஸ்தகம் படிக்க" என்று வேடிக்கை பேசினாராம். அவள் சிரிக்கவில்லை. என்னிடம் சொல்லும்போதும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

1940 ஆடிப் பதினெட்டு

ஆற்றில் தண்ணீர் நிறைய. கால் வீக்கம், நான் போகவில்லை. ராமாத்தாள் மட்டும் போய்வந்தாள். மாவிளக்கு மாவில் எனக்கு ஒரு உருண்டை கொண்டுவந்தாள்.

1940 ஆகஸ்ட் 11, ஞாயிறு

புத்தகம் இல்லை.

மாலை

எழுதிவைக்கிறேன். எழுதினால்தான் என்ன நடந்தது என்று எனக்கே விளங்கும்.

இரண்டு நாள் மழைக்குப் பின் ஈரம் ஏறியிருக்குமோ என்று பெட்டியைத் திறந்தேன். கூறைப்புடவை இருந்தது. அடியில் ஒன்றுமில்லை. அவள் ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். புத்தகம் எங்கே என்றேன். கை நிற்கவில்லை.

"குடுத்துட்டனுங்க."

"யாருக்கு?"

"காவேரிக்குங்க."

என்ன கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவள் சொன்னது மட்டும் வார்த்தை தப்பாமல் இருக்கிறது.

"ஒரு கொறையும் வைக்கலீங்க. புது மஞ்சத்துணியில சுத்தி, பூ வச்சு, சூடங் காட்டி உட்டேன். கந்தவேலு அடுப்புல வைக்கச் சொன்னான். சாமி புஸ்தகத்த அடுப்புல வைக்கறதுங்களா? போலீசுக்காரங்க வந்து செருப்புக் காலோட அத எடுத்துட்டுப் போறதுக்கு உடறதுங்களா? நீங்கதான சொன்னீங்க, நாம நெருப்புல போடமாட்டோம், ஆத்தா கையில குடுப்போம்னு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே—"

"கேட்டா உடுவீங்களா? உடமாட்டீங்க. அவன் வேல போச்சுன்னா மூணு கொழந்தைகள வச்சுட்டு எங்க போவான்?"

பிறகு, கேட்காமலே, மெதுவாகச் சொன்னாள்.

"மட்டை தாங்கலீங்க. கனம். அமுந்திருச்சு. வெளக்கு மட்டுந்தான் போச்சு."

தடை இருந்த நூற்றைம்பது வருஷமும் அடுப்பிலும் மாட்டுக்கொட்டகையிலும் சுவருக்குள்ளும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வருஷம் இருக்கவில்லை. என்ன பதில் சொல்லுவேன்? எப்படிச் சொல்லுவேன் அந்த மனுஷனுக்கு—

1940 ஆகஸ்ட் 12

பரிசல்காரர் மயில்சாமியைக் கூட்டிப்போனேன். துறைக்குக் கீழே பள்ளத்தில் மூங்கிலைவிட்டுத் துழாவினார். முங்கியும் பார்த்தார். கண் சிவந்து மேலே வந்து, "வாத்தியாரய்யா, இந்தத் தண்ணியில யானையப் போட்டாலும் போட்ட எடத்துல நிக்காதுங்க" என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். என்ன போனது என்று கேட்கவும் இல்லை. யாரோ ஆள் போய்விட்டதாக நினைத்திருப்பார்.

1940 ஆகஸ்ட் 19

பேச்சில்லை. சோறு வைக்கிறாள், தின்கிறேன். ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டாள். கிணற்றுத் தண்ணீரில்தான் குளியல், துவைப்பு எல்லாம்.

1940 செப்டம்பர் 1

அவள்மேல் எனக்கு இருந்த கோபத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். பிடி எங்கே என்று தெரியவில்லை. சோதனைக்கு ஆள் வருகிறான் என்று அந்த ஊரில் ஒருத்தி புத்தகத்தை மாவுக்குள் ஒளித்தாள். சோதனைக்கு ஆள் வருவான் என்று இந்த ஊரில் ஒருத்தி அதை ஆற்றில் விட்டாள். இருவருக்கும் பயம் ஒன்று, பக்தி ஒன்று. அவளுக்கு வழி காட்ட அடுப்பு இருந்தது. இவளுக்கு என் உதாரணம் இருந்தது.

எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை உதாரணம் சொல்லியிருப்பேன். எதை எவன் எங்கே கொண்டுபோய் என்ன செய்தானோ.

1940 அக்டோபர் 6

வாவ்ராவுக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். 'நான் இப்போது நினைத்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்' என்று அவர் எழுதியதை எடுத்துப் படித்துவிட்டு அதையும் கிழித்தேன்.

ராமாத்தாள் அடுப்பங்கரையிலிருந்தே, "எம்பேர்ல எழுதுங்க" என்றாள். இரண்டு மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு.

எழுதவில்லை. முகாமுக்குள் இருக்கும் மனுஷனுக்கு அதை எழுத என் கை வரவில்லை.

1941 ஜனவரி 19, ஞாயிறு

விடுதலை ஆகிவிட்டார். செக்காரர்கள் எதிரிகள் அல்ல என்று இப்போதாவது ஒத்துக்கொண்டார்கள். அவர் தேசத்தாரின் படை எகிப்துப் பக்கம் திரண்டிருக்கிறதாம், வண்டி பழுது பார்க்க ஆள் வேண்டுமாம், சேர்ந்துவிட்டார். கப்பலேறும் முன் ஒருநாள் இங்கே வருகிறார். புத்தகத்தை வாங்கிக்கொள்ள.

கடிதத்தை ராமாத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். "என்னிக்குங்க வாராரு?" என்று மட்டும் கேட்டாள்.

1941 பிப்ரவரி 2

வந்தார். போய்விட்டார்.

தலை பூராவும் நரைத்துவிட்டது. சட்டை தோளில் தொங்கியது. வாசலில் நின்று, "வாரேன்னு சொன்னனல்லோ, வந்துட்டேனுங்க" என்றார். கன்று எருமையாகிவிட்டதைப் பார்த்துச் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராமாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்தாள். நகராமல் நின்றாள்.

"சாமி, உங்க புஸ்தகத்த நாந்தான் ஆத்துல உட்டேன். இவருக்குத் தெரியாது. பயந்துட்டு உட்டேன். சாமி புஸ்தகம்னு தெரிஞ்சேதான் உட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். அதில் படித்திருப்பார். சொம்பை எடுத்து முழுவதும் குடித்தார். நெடுநேரம் குடித்தார்.

"எந்த எடத்துலீங்க?"

அவள் முன்னே நடந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் துறைக்குப் போவது இதுதான் முதல் தடவை. மாசிக்கு முன்பே ஆறு வற்றிப் பாறை தெரிகிறது. அவர் பூட்சைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கினார். குனிந்து தண்ணீருக்குள் கைவைத்து, சூடு பார்ப்பதுபோல, வைத்துக்கொண்டே நின்றார். பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"எங்க ஊட்டுல எல்லாரும் நெருப்புகிட்ட இருந்துதானுங்க காப்பாத்துனாங்க. தண்ணிய யாரும் நெனைக்கலை."

ராமாத்தாள் காலையிலேயே சமைத்து வைத்திருந்தாள். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். பஸ்ஸுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கட்டுரையைக் காட்டலாம் என்று எடுத்துவைத்திருந்தேன். காட்டவில்லை. அதில் என்ன இருக்கிறது, அவர் சொன்ன கதைதானே.

பிறகு மனசு கேட்காமல் கடைவீதிவரை போய்ப் பார்த்தேன். புளியமரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அருகில் போகாமல் திரும்பிவிட்டேன்.

அவருக்கு வைத்த சோறு அப்படியே இருந்தது. எருமைக்குப் போடக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

1941 ஏப்ரல் 9

ஒரு கார்டு. பம்பாய் முத்திரை. தமிழில், அவர் கையெழுத்தில், குழந்தை எழுதியதுபோலக் குண்டு குண்டாக. எனக்கல்ல, ராமாத்தாளுக்கு. அப்படியே எழுதுகிறேன்:

'ராமாத்தாளம்மாவுக்கு. நாளைக்குக் கப்பலுங்க. அன்னிக்கு சோறு திங்காம வந்தது தப்புங்க. பசியாத்தான் இருந்துது. ஆடியில புஸ்தகத்துக்கு ஒரு வெளக்கு உடுங்க. வாரேனுங்க.'

மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். 'பசியாத்தான் இருந்துது' என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

1941 ஆடிப் பதினெட்டு

ராமாத்தாள் ஆற்றுக்குப் போனாள். ஒரு விளக்கு.

1941 அக்டோபர் 26

வாவ்ராவுக்கு ஒரு நீண்ட கடிதம். எருமை, மழை, ஆலையில் அவர் பூட்டிய இயந்திரம் இன்னும் ஓடுவது, எல்லாம். கட்டுரையில் சில சந்தேகங்களும் கேட்டிருக்கிறேன். கந்தவேல் வந்திருந்தவன், தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டான்.

1942 ஏப்ரல் 17

வாவ்ராவுக்கு எழுதிய என் கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறை பிரிக்கப்படவில்லை. ஊதா மையில் ஒரு முத்திரை, பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி. நவம்பரில் இறந்துவிட்டார்.

ராமாத்தாள், "என்னுங்க எழுதியிருக்குது?" என்றாள். சொன்னேன். அவள் மரப்பெட்டியைத் திறந்து, கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்த கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

1942 ஜூலை 5

கட்டுரை முடிந்துவிட்டது. சேலத்தில் ஒரு மாதப் பத்திரிகை கேட்டிருக்கிறது.

கடைசிப் பத்திதான் வெகுநாள் இழுத்தது. அந்தக் கூட்டத்தார் அச்சிட்ட புத்தகங்களில் ஒன்று தென்தேசத்துக்கு வந்தது, அதை மரியாதை தெரிந்த ஒருத்தி ஆற்றுக்குக் கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறேன். எந்த ஆறு, எந்தத் துறை, யார் என்பது இல்லை. பத்திரிகைக்காரர் விவரம் கேட்டு எழுதுவார். கேட்கட்டும். கிராலிட்சேயில் அச்சுக்கோத்தவர்களும் ஊர்ப்பெயர் போடவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் நேரக்கூடாது என்றுதானே.

1942 ஆடிப் பதினெட்டு

தண்ணீர் நிறைய. ராமாத்தாள் விடியும் முன்பே மாவு இடித்தாள். இந்த வருஷம் இரண்டு விளக்கு. ஒன்றில் விளக்கோடு ஒரு பிடி சோறும் வைப்பேன் என்றாள்.

கனம் தாங்கவேண்டுமே என்று, தோட்டத்தில் பெரிய வாழையாகப் பார்த்து, அகலமான மட்டையாக நானே அறுத்துக் கொடுத்தேன்.